பினாங்குச் சந்தையில் பட்டினி கிடந்த அக்கா

1

நம் ஊரிலிருந்து யாராவது பினாங்குக்கு வந்து, "ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எங்க போகலாம்?" என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். பகலுக்குத் தண்ணீர்மலைப் பூங்கா, பொழுது சாய்ந்ததும் பாசார் மாலாம். பாசார் மாலாம் என்றால் மலாய் மொழியில் இரவுச் சந்தை. வாரத்தில் ஒரு நாள் ஒரு தெருவை அடைத்துக் கடை போடுவார்கள். மறுநாள் காலையில் அதே தெருவைப் பார்த்தால், இங்கேயா இத்தனை அடுப்பு எரிந்தது என்று சந்தேகமாக இருக்கும். ராஜபாளையத்திலிருந்து வந்த என் அக்காவை அப்படித்தான் கூட்டிப் போனேன். அவள் ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் பிட்டராக இருந்தவன். பெயர் முருகேசன். எண்பதுகளின் தொடக்கத்தில், பிறை என்ற ஊரில் இருக்கும் நூற்பாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். பிறை, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை. நடுவில் கடல், போய்வரப் பெர்ரிக் கப்பல். மிஷின் நம் ஊரில் பார்த்த அதே மிஷின்தான். நூலும் அதே மாதிரிதான் அறுகிறது. அதனால் மில்லுக்குள்ளே எனக்குத் திணறல் இல்லை. திணறியதெல்லாம் வெளியில்தான். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வருஷா வருஷம் இமிக்ரேஷன் ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டும். இங்குள்ள தமிழர்கள் முத்திரையைச் 'சாப்பு' என்பார்கள். முதல் வருஷம் கவுன்டரில் இருந்தவர் "சாப்பு இல்லையே" என்றபோது, மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார் என்று எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போனால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் பேப்பர்களை எல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுத்தவள், மில் ஆபீஸில் டைப் அடிக்கும் லெட்சுமி. பெர்மிட் ஒழுங்காக வர ஆரம்பித்தது. நான்தான் ஒழுங்காக இல்லை. காரணமே இல்லாமல் ஆபீஸ் பக்கம் போய் நின்றேன். போன வருஷம் ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன், அவளும் சரி என்றுவிட்டாள். அவள் இங்கேயே பிறந்தவள். தாத்தா ராம்நாடு பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவராம். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் பாசார் மாலாமில் வடைக்கடை போடுகிறார்கள்.

அம்மா, அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். அவள் வேண்டாம் என்றால் அதை மீறித் தாலி கட்ட எனக்குத் தைரியமும் கிடையாது, மனசும் கிடையாது. லெட்சுமியிடம் இதை மறைக்காமல் சொல்லியிருந்தேன்.

"அப்ப உங்க அக்காவை வரச் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள் லெட்சுமி. அன்று ராத்திரியே அக்காவுக்குக் கடிதம் போட்டேன்.

2

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வளையல் கடையில் நீங்கள் ஏதாவது வாங்கியிருந்தால், என் அக்கா தனலட்சுமியிடம் வாங்கியிருக்கக்கூடும். மாமா கல்லாவில் இருப்பார், பேச்சு முழுவதும் அக்காதான். பேரம் பேச வருபவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். கொஞ்சம் குரல் உயர்ந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே விமான நிலையத்தில் அவளை நிறுத்தி, எதற்கு வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார் அதிகாரி. அக்கா தமிழில், "தம்பிக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கேன்" என்றாளாம். அவர் ஒரு தமிழ் அதிகாரியைக் கூப்பிட, அவர் வந்து சிரித்து, "பொண்ணு அமையட்டும்" என்று இரண்டு வாரத்துக்குச் சாப்பு குத்தி அனுப்பிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மட்டும் ஒருவர் பிரித்து முகர்ந்து பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வந்த அன்றே லெட்சுமியைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன்.

"அவசரப்படாதலே. மொதல்ல நீ எப்படி இருக்கேன்னு பாக்கணும். பொறவு அந்தப் புள்ளய."

"அக்கா, அவ நல்ல பொண்ணுக்கா."

"உனக்கு நல்ல பொண்ணாத்தான் தெரியும். ஊரு எது, சொந்தம் எதுன்னு தெரியாத எடத்துல எப்படிலே பொண்ணு எடுக்கது? மம்சாபுரத்துல தோதா ஒரு பொண்ணு வந்திருக்கு. அவியகிட்ட திரும்பி வந்து சொல்லுதேம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எனக்கு எப்பச் சொல்லுவ?"

"பிளேன் ஏறுததுக்கு முன்ன சொல்லிருதேன். போதுமா?"

பிளேன் சனிக்கிழமை. அக்கா என் அறையைக் கழுவினாள், என் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள், நான் மெலிந்துவிட்டேன் என்று தினமும் சொன்னாள். அப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மில்லில் லீவு போட்டேன், லெட்சுமியும் போட்டாள். காலையில் அக்கா நான் சுட்ட தோசையை ஒரு கை பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

3

பெர்ரியில் அக்காவுக்கு வாய் மூடவில்லை. லாரியும் காரும் மனுஷனும் ஒன்றாக மிதக்கிறதே என்று மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடியும் மேலே போனாள். "ஏலே, இதுல நாள் பூரா இருந்தா என்ன கேப்பான்?" என்றாள். அக்கரையில் லெட்சுமி புடவை கட்டி நின்றிருந்தாள். பாவம், மடிப்பு நழுவாமல் இருக்க எங்கு பார்த்தாலும் பின் குத்தியிருந்தாள்.

"வாங்க அக்கா. பசியாறிட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். காலைப் பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று இங்கே அப்படித்தான் கேட்பார்கள் என்றேன். "நல்லாத்தான் கேக்கா" என்று மட்டும் சொன்னாள் அக்கா. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுவதும் நான் சகுனம் பார்த்த மாதிரி எந்த ஜோசியனும் பார்த்திருக்க மாட்டான்.

தண்ணீர்மலை என்பது அருவி விழும் மலை. அடிவாரத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா. வாசலில் கால் வைத்ததும் அக்கா நின்றுவிட்டாள். புல் அப்படி இருந்தது. செருப்போடு மிதிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நடந்தாள். அரைக்கால் சட்டை போட்ட பெரிய மனிதர்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வெரட்டுதா இவியள?"

"யாரும் இல்லக்கா. உடம்பு குறைய ஓடுறாங்க."

"நம்ம மில்லுல ஒரு ஷிப்டு பாக்கச் சொல்லு. தன்னால கொறஞ்சிரும்."

லெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கச் சிரித்தாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் எனக்கு முன்னால் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாகலிங்க மரத்தடியில் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. பறிக்கக் கூடாது என்று பலகை இருந்தது. உதிர்ந்ததை எடுக்கலாமா என்று பலகையில் இல்லை. அக்கா ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். காவலாளி வருகிறாரா என்று லெட்சுமி எட்டிப் பார்த்து, கையால் ஜாடை காட்டினாள். இரண்டு பேரும் களவாணிகள் மாதிரி கூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

"உங்க தாத்தா ராம்நாடு பக்கமாமே?" என்று கேட்டாள் அக்கா.

"அவ்ளோதான் தெரியும் அக்கா. ஊர் பேர் தெரியாது."

"இப்ப ஜில்லாவப் பிரிச்சுட்டாக. முன்ன நாங்களும் ராம்நாடு ஜில்லாதான்" என்றாள் அக்கா. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

மத்தியானம் அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். லெட்சுமி தூக்குப் பையிலிருந்து பொட்டலங்களை எடுத்தாள். நாசி லெமாக். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, மேலே சம்பால் என்கிற காரமான மிளகாய்த் துவையல், வெள்ளரி, முட்டை, எல்லாம் வாழையிலையில் கட்டியது. விடியற்காலையில் எழுந்து அவளே செய்தது. ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்மா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஒரு பொழுது. காலையில சாப்பிட்டதோட சரி."

"கொஞ்சமாச்சும்?"

"தண்ணி கூட வேண்டாம். நீங்க சாப்பிடுங்க."

அக்கா வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருந்து நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பசி தாங்கவே மாட்டாள். சின்ன வயசில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு என்னை ஆற்றில் குளிக்கக் கூட்டிப்போவாள். குளிக்கிறதுக்கு முன்னாலேயே புளியோதரைத் தூக்கைத் திறப்பவள் அவள்தான். அங்கே இருந்த வனத்துறை வாச்சர் "கொரங்கு வரும், மூடி வைங்க" என்று கத்துவார், அதற்குள் பாதி காலியாகியிருக்கும். அப்படிப்பட்டவள் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம்? இந்தப் பெண் கையால் சாப்பிட இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம்?

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அதுதான் வேடிக்கை. கவலையில் என் பொட்டலத்தைச் சாப்பிட்டேன், கவலை தீராமல் இன்னொன்றையும் சாப்பிட்டேன். பெஞ்சில் மிச்சமிருந்ததை ஒரு குரங்கு வந்து இலையோடு தூக்கிக்கொண்டு மரமேறியது. அக்கா எழுந்து தெலுங்கில் திட்டினாள். எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசுகிற வீடு. மற்றவர்களுக்கு அதில் திட்ட மட்டும் தெரியும். பினாங்குக் குரங்குக்கும் அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

4

பாசார் மாலாமுக்குள் நாங்கள் நுழைந்தபோது விளக்கெல்லாம் அப்போதுதான் போட்டிருந்தார்கள். ஐயா, அந்த வாசனையை எப்படி எழுதுவது! குச்சியில் கோழிக்கறி கரியில் வேகிறது. ஒருவர் அகலமான கல்லில் மாவை ஊற்றி, மேலே வேர்க்கடலையும் சீனியும் தூவி, மடித்துத் தருகிறார். சீனர் ஒருவர் இரும்புச் சட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு மீ என்கிற நூடுல்ஸைப் புரட்டுகிறார், தீ அவர் முகம் வரை எழும்பி அடங்குகிறது. பக்கத்திலேயே காசெட் கடை, பிளாஸ்டிக் வாளிக் கடை, துணிக்கடை. எல்லாருடைய பாட்டும் ஒன்றாகக் கேட்கிறது.

"ஏலே, நம்ம வில்லிபுத்தூர்த் தேருக்குப் போடுத கடை மாதிரில்லாலே இருக்கு!" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆடி மாதத் தேரோட்டத்துக்கு அவள் என்னை இழுத்துக்கொண்டு போவாள். தேரைப் பார்த்த நேரத்தைவிட மிளகாய் பஜ்ஜிக் கடையில் நின்ற நேரம்தான் அதிகம். ராஜபாளையத்தில் சாயங்கால ஷிப்டு விடுகிற நேரத்தில் புரோட்டாக் கடையில் கல்லைத் தட்டும் சத்தம் கேட்டாலே எங்களுக்கு நடை மாறிவிடும். ஆனால் அதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தேர், தெருவுக்கு ஒரு கடை. இங்கே ஒரு தெரு முழுவதும், வாரா வாரம்! நான் வந்து இத்தனை வருஷமாகியும் இதற்குள் நுழைந்தால் எனக்கு வயசு குறைந்துவிடுகிறது.

அக்கா ஒவ்வொரு கடையிலும் நின்றாள். அது என்ன, இது எதில் செய்தது, காரமா, இனிப்பா? லெட்சுமி சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா வாசனை பிடிப்பாள், எச்சில் விழுங்குவாள், நகர்வாள். ஒரு பொழுது என்று சொல்லிவிட்டாளே, இனி எப்படி வாயில் வைப்பது? ஒரு கரும்புச்சாறுக் கடையில் ரொம்ப நேரம் நின்றாள். வாங்கித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். நாளைக்குப் பிளேன். பதில் இன்னும் வரவில்லை. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் இருட்டிக்கொண்டு வந்தது.

5

லெட்சுமியின் பெற்றோர் கடை தெருவின் கோடியில். அவள் அப்பா அதிகம் பேசாதவர், அடுப்படியில் நின்றபடியே கும்பிட்டார். அம்மா சரோஜா, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! காலையிலேருந்து உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம். உக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மசால் வடையைத் தட்டில் வைத்து நீட்டினார். சோம்பும் கருவேப்பிலையுமாக வாசம் தூக்கியது.

அக்கா தட்டைப் பார்த்தாள். கையை முந்தானைக்குள் கட்டிக்கொண்டாள். "இருக்கட்டும். வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாம்."

லெட்சுமி காதோடு மத்தியானக் கதையைச் சொல்ல, சரோஜா அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. தட்டைக் கீழே வைத்தார். "மத்தியானம் எம்மக குடுத்ததையும் நீங்க தொடலையாம். ரோட்டுல கடை போடுறவங்கன்னு நினைக்கிறீங்களா? எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகாதுன்னா நேராச் சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. லெட்சுமி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுக்கா! எதுக்கு இப்படி எல்லாரையும் அசிங்கப்படுத்துற? உனக்கு மம்சாபுரத்துப் பொண்ணுதான் வேணும்னா..."

"ஏலே!"

அந்தக் குரலைக் கேட்டுக் கரும்புச்சாறுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"கூறுகெட்டவனே! பேசி முடிக்குததுக்கு முன்ன பொண்ணு வீட்டுல எப்படிலே கை நனைக்கது? பொண்ணு பாக்கப் போற எடத்துல நம்ம ஆளுக யாராவது சாப்பிட்டிருக்காகளா? இதக்கூடவா இந்த ஊருக்கு வந்து மறந்துட்ட?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆமாம். மாமா வீட்டார் அக்காவைப் பார்க்க வந்தபோது, அம்மா பலகாரம் வைத்தும் யாரும் தொடவில்லை. பேச்சு முடிந்து வெற்றிலை மாற்றிய பிறகுதான் இலை போட்டார்கள். முடிவு சொல்லாமல் பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்றால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அவமானம். அதற்குத்தான் அந்த வழக்கம். சின்ன வயசில் கண்ணால் பார்த்தது எனக்கு முழுவதும் மறந்து போயிருந்தது. இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் போகிறது, பழக்கம் போகிறது என்று ஊருக்கு எழுதும்போதெல்லாம் குறைப்பட்டுக்கொள்வேன். போனது யாருக்கு என்று அன்றைக்குத் தெரிந்தது.

அக்கா சரோஜா அம்மா பக்கம் திரும்பினாள். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"தப்பா நெனச்சுக்கிடாதீக. எங்க பக்கத்துல இப்படித்தான். உங்க சோத்துக்கு மரியாதை குடுத்துத்தான் தொடாம இருந்தேன். உங்களுக்கு இந்த வழக்கம் இல்லன்னு எனக்கு யாரு சொன்னா? சொல்ல வேண்டியவன் ரெண்டு பொட்டலத்தத் தின்னுட்டு உக்காந்திருக்கான்."

சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப... பிடிக்கலன்னு இல்லையா?"

"நான் சாப்பிடலன்னு உங்க மகளும் நாள் பூரா ஒரு வாய் சாப்பிடல. அவ பொட்டலத்தைத்தான் இவன் தின்னான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊரு தெரியலன்னு காலையில வரைக்கும் மனசுல ஒரு உறுத்தல் இருந்துச்சு. இப்ப இல்ல." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்க வெத்தில பாக்கு எங்க கெடைக்கும்?"

6

இதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது பேனா தானாக ஓடுகிறது. வீட்டில் போய் முறையாகப் பேசலாமே என்று லெட்சுமியின் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நாளைக்குப் பிளேன். ராகு காலம் காலையிலயே போயிருச்சு, வெள்ளிக்கிழமை, நல்ல நாள். அதுவும் போக, எனக்குப் பசி உயிர் போகுது" என்றாள் அக்கா.

பூக்கடையில் வெற்றிலை, பாக்கு, மல்லிகை கிடைத்தது. பழக்கடையில் வாழைப்பழம். புடவைக்கு எங்கே போவது? எதிரில் மலாய்ப் பெண்மணியின் துணிக்கடையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பாத்திக் துணி தொங்கியது. அக்கா ஜாடையிலேயே பேரம் பேசினாள். விஷயம் என்னவென்று லெட்சுமி மலாயில் சொன்னதும், அந்தப் பெண்மணி பேரத்தை விட்டுவிட்டு, அக்கா கேட்ட விலைக்கே கொடுத்தார். கடையையும் அப்படியே போட்டுவிட்டுப் பார்க்க வந்துவிட்டார். தாம்பாளம் கிடையாது. வடை வைக்கிற மெலமைன் தட்டுகளில் இரண்டைக் கழுவி எடுத்தார்கள்.

அடுப்புக்கும் சட்னி வாளிக்கும் நடுவில் அக்கா கிழக்கே பார்த்து நின்றாள். கிழக்கு எது என்று கரும்புச்சாறுக்காரர்தான் காட்டினார்.

"ராஜபாளையத்துலருந்து வந்திருக்கோம். எந்தம்பி முருகேசனுக்கு உங்க மக லெட்சுமியக் கேக்கோம். எங்க அம்மாவும் அப்பாவும் இருந்து கேக்க வேண்டியது. நான் கேக்கேன்."

கடையில் கத்திக் கத்திப் பேசுகிற அந்தக் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் தழுதழுத்தது. நான் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. சரோஜா அம்மாவும் கணவரும் ஒரு தட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "குடுக்கிறோம்" என்றார்கள். தட்டு மாறியது. வரிசையில் வடைக்காக நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அக்கா லெட்சுமியின் தலையில் மல்லிகையை வைத்துவிட்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சரோஜா அம்மா தண்ணீர் ஊற்ற, கையை நனைத்துக்கொண்டு வடையை எடுத்தாள். முதல் வடை போன வேகத்தைப் பார்த்துவிட்டு லெட்சுமியின் அப்பா அடுத்த ஈடு போட ஓடினார். லெட்சுமி சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு அருகில் வந்து, பயந்த குரலில் கேட்டாள்.

"சட்னி ஊத்தவா அக்கா?"

"அக்கான்னு இவன்தான் கூப்பிடணும். நீ மதினின்னு கூப்பிடு" என்றாள் அக்கா, வாய் நிறைய வடையோடு. "ம், நல்லா ஊத்து. ஊத்திட்டு நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து எம்பக்கத்துல உக்காரு. காலையிலருந்து பட்டினி கெடக்க, சாப்பிடு."